யாருக்கு எது வரவில்லை? பள்ளியில் கற்றல் பதிவைக் கணினியில் ஏற்றும் வழி

52-இல் 27 போனால் மிச்சம் எவ்வளவு? ஐந்தாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் 35 என்று எழுதியிருந்தார்கள். இரண்டுக்கும் சிவப்பு மையில் தப்புப் போட்டு, பதிவேட்டில் இருவருக்கும் பத்துக்கு ஆறு என்று ஏற்றிவிட்டேன். அப்புறம் ஒரு நாள் இருவரையும் தனித்தனியாகப் பக்கத்தில் உட்காரவைத்து, "வாயால் சொல்லிக்கொண்டே போடு" என்றேன். ஒருத்தி, "ரெண்டுல ஏழு போகாது சார், அதனால ஏழுல ரெண்டு போனா அஞ்சு" என்றாள். கடன் வாங்குவது என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. இன்னொருவன் ஒழுங்காகக் கடன் வாங்கி, பன்னிரண்டில் ஏழு போக ஐந்து என்றான். ஆனால் பக்கத்திலிருந்த ஐந்து நான்காகக் குறைந்ததை மறந்து, ஐந்தில் இரண்டு போக மூன்று என்று முடித்துவிட்டான். விடை ஒன்றுதான், வியாதி இரண்டு. என் பதிவேட்டில் இரண்டு பேரும் ஒரே ஆறு.

மேலூர் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். மூன்று ஆண்டுகளாகப் பிள்ளைகளின் கற்றலைக் கணினியில் பதிந்து வருகிறோம். முதல் ஆண்டு முழுக்கத் தப்புத் தப்பாகச் செய்தோம். நீங்கள் அந்த ஆண்டைத் தாண்டிக் குதித்துவிடலாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். தலைமை ஆசிரியருக்கும், "கம்ப்யூட்டர் தெரிந்தவர்" என்று முத்திரை குத்தப்பட்டு எல்லா வேலையும் தலையில் விழும் அந்த ஓர் ஆசிரியருக்கும் இது பயன்படும்.

கணினியைத் திறக்கும் முன்

ஆசிரியர்களைக் கூட்டி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "திங்கட்கிழமை காலையில் வகுப்புக்குள் நுழையும்போது என்ன தெரிந்திருந்தால் உங்களுக்கு உதவியாக இருக்கும்?" எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம் என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அந்தப் பேச்சு எடுத்தால் கூட்டம் அதிலேயே முடிந்துவிடும்.

எங்களுக்குக் கிடைத்த பதில்கள் மூன்று. யாருக்கு எது வரவில்லை? அந்தப் பாடம் நடந்தபோது யார் பள்ளிக்கு வரவில்லை? போன பருவத்தில் வந்தது இப்போது யாருக்கு மறந்துபோனது? இந்த மூன்றில் ஒன்றுக்காவது பதில் சொல்லாத எதையும் கணினியில் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தோம். இரத்த வகை, அப்பாவின் தொழில், வீட்டில் எத்தனை பேர் என்றெல்லாம் சேர்க்க ஆசை வரும். அதெல்லாம் வேறு பதிவேட்டில் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருக்கிறது.

எமிஸ் இருக்கிறதே, இது எதற்கு?

எல்லோரும் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. எமிஸ் என்பது பிள்ளைகளின் விவரங்களைக் கல்வித் துறை வைத்திருக்கும் கணினித் தளம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஓர் எண் இருக்கிறது. வருகையைக் கல்வித் துறையின் செயலியில் போடுகிறோம். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சின்ன வகுப்புகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து மதிப்பீடும் நடக்கிறது. 2012-13-இல் முப்பருவ முறை வந்ததிலிருந்து பருவத்தின் நடுவில் வைக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் வைக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண் போட்டு வருகிறோம். இதற்கு மேல் இன்னொன்றா என்று டீச்சர்கள் முகம் சுளித்தால் அவர்கள் மேல் தப்பில்லை.

அவற்றில் பெரும்பாலானவை மேலே போகும் தகவல். மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் வேண்டிய கணக்கு அது. நாம் செய்யப்போவது வகுப்புக்குள்ளேயே சுற்றும் தகவல். ஆகவே முதல் விதி: ஒரு முறை ஓரிடத்தில் ஏற்றியதை மறுபடி கையால் ஏற்றக் கூடாது. வருகையை நாங்கள் திரும்பப் பதிவதே இல்லை. எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் பிரிவையே அப்படியே எடுத்துக்கொண்டு, புதுப் பதிவை நான்காம் வகுப்பு முதல் எட்டு வரைக்கும் மட்டும் வைத்தோம். முதல் ஆண்டில் இந்த விதி இல்லை. ஆகஸ்ட் கடைசியில் கணினித் தாளைத் திறந்து பார்த்தால் முக்கால்வாசிக் கட்டங்கள் காலி.

திறன் பட்டியல்தான் முதுகெலும்பு

வேலை இங்கேதான். மற்றதெல்லாம் தட்டச்சு.

கணினித் தாளில் "கழித்தல்" என்று மேலிருந்து கீழே ஓடும் ஒரு பத்தி வைத்தால் ஒன்றும் தெரியாது. கடன் வாங்காத கழித்தல், ஒரு முறை கடன் வாங்குவது, நடுவில் பூஜ்யம் வருவது, வாக்கியமாக வரும் கணக்கைப் படித்துக் கழித்தல் என்று புரிந்துகொள்வது: இவை நான்கும் நான்கு திறன்கள். 403-இல் 128 கழிக்கத் திணறும் பிள்ளைக்கு 52-இல் 27 கழிக்க வரலாம். தமிழில் இன்னும் எளிது. ஏசர் ஆய்வுக்காரர்கள் 2005-லிருந்து வீடு வீடாகப் போய்ச் செய்வதைப் போல எழுத்து, சொல், பத்தி, கதை என்று நாலு படி வையுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு தாள், சில நிமிடம். ர-வுக்கும் ற-வுக்கும், ன-வுக்கும் ண-வுக்கும் தாளில் தனிப் பத்தி வேண்டும் என்று எங்கள் தமிழாசிரியை ஒற்றைக் காலில் நின்றார். கொடுத்துவிட்டோம்.

ஒரு வகுப்புக்கு, ஒரு பாடத்துக்கு, ஒரு பருவத்தில் எட்டிலிருந்து பத்துத் திறன் போதும். நாங்கள் முதலில் முப்பத்திரண்டு போட்டோம். அழகாகத்தான் இருந்தது. யாரும் நிரப்பவில்லை.

இப்போது அந்த 35-க்கு வருகிறேன். ஒரே விடை இரண்டு தவறுகளிலிருந்து வந்ததற்குக் காரணம் பிள்ளைகள் அல்ல, நான் கொடுத்த எண். 7-இல் 2 போனாலும் ஐந்து, 12-இல் 7 போனாலும் ஐந்து. ஓர் இலக்கத்தை மாற்றி 52-இல் 28 என்று கேட்டுப் பாருங்கள். பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும் பிள்ளை 36 என்று எழுதும். கடன் வாங்கிவிட்டு மறக்கும் பிள்ளை 34 என்று எழுதும். சரியான விடை 24. இப்போது விடையே வியாதியைச் சொல்லிவிடுகிறது. கேள்வித்தாளை இப்படித் தயாரிக்க ஒரு மாலை நேரம் கூடுதலாகப் பிடிக்கும். அதைச் செய்யாமல் எவ்வளவு விலையுள்ள சாஃப்ட்வேர் வைத்தாலும் அது குத்துமதிப்பான மதிப்பெண்ணைத்தான் வேகமாகக் கூட்டிக் காட்டும்.

அதனால் முக்கியமான இரண்டு மூன்று கேள்விகளுக்குச் சரி, தவறு என்று மட்டும் குறிக்காமல், பிள்ளை எழுதிய விடையையே கட்டத்தில் ஏற்றச் சொல்கிறேன். 36 என்று எழுதியவர்கள் யார் யார் என்று வடிகட்டிப் பார்த்தால், ஒரே பாடம் தேவைப்படும் ஏழு பேர் ஒன்றாக வந்து நிற்பார்கள்.

பெயர்ப் பட்டியல்

சின்ன விஷயம் மாதிரி தெரியும், நாளைத் தின்றுவிடும். எங்கள் பக்கத்தில் ஒரே வகுப்பில் மூன்று பாண்டீஸ்வரி இருப்பார்கள். இரண்டு பேருக்கு இனிஷியலும் ஒன்றாக இருக்கும். ஆதாரில் ஓர் எழுத்துக்கூட்டல், எமிஸில் இன்னொன்று, வருகைப் பதிவேட்டில் மூன்றாவது. பெயரை வைத்துப் பிள்ளையைத் தேடக் கூடாது, எண்ணை வைத்துத்தான் தேட வேண்டும். எமிஸ் எண்ணையே அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டாம்.

எண்ணை ஏற்றும் முன் அந்தப் பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். எக்செல் எண்களில் 15 இலக்கம் வரைக்கும்தான் துல்லியம் வைத்திருக்கும். அதற்கு மேல் போனால் கடைசி இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும். முன்னால் வரும் பூஜ்யத்தையோ கேட்காமலே தூக்கிவிடும்.

இன்னொரு தலைவலி எழுத்துரு. பழைய பட்டியல்கள் வானவில், பாமினி எழுத்துருக்களில் கிடக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும், தேடினாலும் கிடைக்காது. மாற்றிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும் யுனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொரு பெயரையும் வகுப்பாசிரியர் ஒரு முறை வாசித்துச் சரிபார்த்த பிறகே பூட்டுங்கள்.

தாள் எப்படி இருக்க வேண்டும்

சாஃப்ட்வேர் எதுவும் வாங்காமல் முதல் ஆண்டை லிப்ரே ஆபிஸ் கால்க் அல்லது எக்செலில் ஓட்டுங்கள். வரிசைக்கு ஒரு பிள்ளை, பத்திக்கு ஒரு திறன். தானாகச் செய்தால் 2, கொஞ்சம் கைகொடுத்தால் செய்கிறார் என்றால் 1, வரவில்லை என்றால் 0. அன்று பள்ளிக்கே வராத பிள்ளைக்கு ஒரு புள்ளி.

அந்தப் புள்ளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வராதவருக்கு 0 போட்டால், தெரியாத பிள்ளையும் இல்லாத பிள்ளையும் ஒன்றாகிவிடுவார்கள். 9 போட்டுப் பார்த்தோம். சராசரி எடுத்தபோது அந்த 9-ஐயும் கூட்டி, வராத பிள்ளைகளை வகுப்பில் முதல் ஆளாக்கிவிட்டது! காலியாக விட்டால் ஏற்ற மறந்ததா, ஆள் வரவில்லையா என்று தெரியாது. புள்ளி என்றால் எண்பலகையிலேயே ஒரு விரலில் தட்டலாம், எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது. நடவு நேரத்தில் எங்கள் வகுப்புகளில் புள்ளிகள் வரிசையாக விழும். உசிலம்பட்டிப் பக்கம் வேலை பார்க்கும் நண்பர், வெளிமாநிலத்துக்கு முறுக்குச் சுடப் போகும் குடும்பங்களின் பிள்ளைகள் மாதக்கணக்கில் புள்ளியாகவே நிற்கிறார்கள் என்றார். அவர்கள் திரும்பி வரும்போது எந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பது என்பதை அந்தப் புள்ளி வரிசைதான் சொல்லும்.

பிள்ளை எழுதிய விடையையே ஏற்றும் பத்திகளை விட்டுவிட்டு, மற்ற கட்டங்களில் 0, 1, 2, புள்ளி தவிர வேறு எதையும் ஏற்காதபடி 'டேட்டா வேலிடேஷன்' வைத்துவிடுங்கள். பத்துக்கு எட்டு என்று காட்ட யாராவது 8/10 என்று தட்டினால் எக்செல் அதைத் தேதியாக்கி அக்டோபருக்கோ ஆகஸ்டுக்கோ அனுப்பிவைக்கும். 0 இருக்கும் கட்டம் தானாக நிறம் மாறும்படி செய்வதும் ஐந்து நிமிட வேலைதான். சிவப்பும் பச்சையும் வேண்டாம், சிலருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கறுப்பு வெள்ளைப் பிரிண்டில் எங்கள் எச்.எம்.முக்கும் தெரியாது. அடர்த்தியான சாம்பல் ஒன்று போதும்.

நான் செய்த பெரிய தவறையும் சொல்லிவிடுகிறேன். பெயர்களை அகர வரிசையில் அடுக்க நினைத்து, பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து 'சார்ட்' தட்டினேன். "பக்கத்துப் பத்திகளையும் சேர்க்கவா" என்று கணினி கேட்டது. படிக்காமல் வேண்டாம் என்றேன். பெயர்கள் இடம் மாறின, திறன்கள் பழைய இடத்திலேயே நின்றன. எட்டு நாள் கழித்து, நன்றாக வாசிக்கும் ஒரு பெண்ணை எழுத்துக் கூட்டும் குழுவில் உட்காரவைத்தபோதுதான் பிடிபட்டது. அவள் ஒன்றும் சொல்லாமல் இரண்டு நாள் அ, ஆ எழுதியிருக்கிறாள். அன்றிலிருந்து பெயரும் எண்ணும் உள்ள பத்திகளைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவைக்கிறேன்.

ஒத்திகை

ஒரு வகுப்பு, ஒரு பாடம், ஒரு பருவம். இதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். முதலில் வெள்ளைத்தாளில் அதே கட்டங்களை வரைந்து இரண்டு வாரம் பேனாவால் நிரப்பச் சொல்லுங்கள். பேனாவால் நிரப்ப முடியாததைக் கணினியில் நிச்சயமாக நிரப்ப மாட்டார்கள். 32 பிள்ளைகள், ஐந்து திறன் என்றால் 160 தட்டல். பழகிய கைக்குப் பத்து நிமிடம். அரை மணி நேரம் ஆனால் தாளில் ஏதோ கோளாறு, ஆசிரியர் மேல் பழி போட வேண்டாம்.

தனித்தனியாக வாசிக்கவைத்துப் பார்க்க நேரம் எங்கே என்பீர்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2024 ஜூலையில் ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் முன்னைவிடச் சீக்கிரம் வந்துவிடுகிறார்கள். சாப்பிட்டு முடித்ததற்கும் முதல் மணிக்கும் நடுவில் ஒரு நாளைக்கு நான்கு பேரை வாசிக்கவைத்தால், இரண்டு வாரத்துக்குள் வகுப்பு முடிந்துவிடும். பொங்கலை ஒட்டியும், அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரை நாட்களிலும் மதிப்பீடு வைக்க வேண்டாம். தாள் முழுக்கப் புள்ளியாகத்தான் வரும்.

திங்கட்கிழமை இருபது நிமிடம்

பதிவதோடு நின்றுவிட்டால் இவ்வளவும் வீண். வாரம் ஒரு முறை, இடைவேளையை ஒட்டி இருபது நிமிடம் அந்தத் தாளைப் பிரிண்ட் எடுத்து மேசையில் விரித்து உட்காருங்கள். திரையைச் சுற்றி நின்றால் ஒருவர்தான் பேசுவார். தாள் என்றால் ஆளுக்கொரு பென்சில் எடுப்பார்கள்.

மொத்த மதிப்பெண்ணைக் கூட்டாதீர்கள், ரேங்க் போடாதீர்கள். பத்திவாரியாக மேலிருந்து கீழே பாருங்கள். ஒரு பத்தியில் பாதிக்கு மேல் சாம்பல் என்றால் பாடம் நடத்திய விதத்தில் கோளாறு, மறுபடி நடத்த வேண்டும். நாலைந்து பேர் மட்டும் என்றால் அவர்களைத் தனிக் குழுவாக்கி இரண்டு வாரம். பிறகு மறுபடி பார்த்து, தேறியவர்களை வெளியே எடுத்துவிட வேண்டும். இதுதான் பலரும் விடுவது. எடுக்காவிட்டால் அந்தக் குழுவுக்குப் பிள்ளைகளே ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள், அது எட்டாம் வகுப்பு வரைக்கும் போகும்.

எச்.எம். கவனத்துக்கு: இந்தத் தாளை ஆசிரியரின் வேலையை அளக்கும் கோலாக ஒரே ஒரு முறை பயன்படுத்திப் பாருங்கள், அடுத்த வாரமே எல்லாக் கட்டத்திலும் 2 நிற்கும்.

இயந்திரமும் மின்சாரமும்

கணினி புதிதாக இருக்க வேண்டியதில்லை. யு.பி.எஸ். கண்டிப்பாக வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துக்கொண்டு பதிவு நாளை வையுங்கள். அழகர்மலை அடிவாரத்தில் சிக்னலை நம்பி எதையும் செய்ய முடியாது, அதனால் இணையம் இல்லாமலும் ஓடும் ஏற்பாடுதான் சரி. வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பென் டிரைவில் பிரதி, மாதம் ஒரு முறை பள்ளிக்கு வெளியே இன்னொரு பிரதி. கோப்பின் பெயரிலேயே தேதி இருக்கட்டும். 'புதுசு', 'ரொம்பப் புதுசு', 'கடைசி' என்று மூன்று கோப்பு வைத்திருந்த காலத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

விலைக்கு வாங்குவதாக இருந்தால்

ஒரு முழு ஆண்டு இந்தக் கணினித் தாளில் ஓட்டிய பிறகு சாஃப்ட்வேர் வாங்குங்கள். அப்போதுதான் உங்களுக்கு என்ன வேண்டும் என்று விற்பவரிடம் சொல்ல முடியும். இல்லாவிட்டால் அவர் சொல்வது நமக்கு வேண்டியதாகிவிடும். பல சாஃப்ட்வேர்கள் ஃபீஸ் வசூலுக்காகப் பிறந்தவை. கற்றல் என்ற பெயரில் உள்ளே இருப்பது மதிப்பெண் பட்டியல் மட்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் ஒரு நிறுவனத்திடம் வாங்கி இரண்டு ஆண்டு பதிவை ஏற்றினார்கள். சந்தா கட்டத் தாமதமானதும் கணக்கு பூட்டப்பட்டது. தகவலைத் திரும்பக் கேட்டபோது கிடைத்தது நானூறு பக்கப் படக் கோப்பு. அதை வைத்து ஒரு வடிகட்டலும் செய்ய முடியாது. ஆகவே பணம் கொடுக்கும் முன், உங்கள் கண் முன்னால் ஒரு வகுப்பின் மொத்தப் பதிவையும் எக்செலில் திறக்கக்கூடிய சி.எஸ்.வி. கோப்பாக இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். தமிழ்ப் பெயர்கள் உடையாமல் வருகின்றனவா என்று அதே இடத்தில் திறந்து பாருங்கள். திறன் பட்டியலை நாமே மாற்ற முடியுமா, தகவல் யாருக்குச் சொந்தம், இரண்டாம் ஆண்டு பராமரிப்புக்கு எவ்வளவு என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள்.

பெற்றோரும் ரகசியமும்

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இந்தத் தாளைப் போடவே கூடாது. தெருவே பார்த்துவிடும். 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகளாகவே கொள்கிறது. அவர்களுடைய தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பது அதன் பொது விதி. சேர்க்கைப் படிவத்தோடு ஒரு பக்க ஒப்புதலைத் தமிழில், அம்மாவுக்குப் புரியும்படி எழுதி வாங்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் ஒரு முறை விளக்கிவிடுங்கள்.

பெற்றோரிடம் தாளை நீட்டாமல், பிள்ளையை வாசிக்கவைத்துக் காட்டுவோம். நூறு நாள் வேலையை முடித்துவிட்டு நேராக வந்த ஓர் அம்மா, சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "மார்க்கு எவ்வளவு சார்?" மார்க்கைச் சொல்லவில்லை. ஜூலையில் வாசித்த அதே பக்கத்தை மகனிடம் கொடுத்தேன். ஜூலையில் சொல்லில் நின்றவன், பத்தியை இரண்டு இடத்தில் மட்டும் தடுக்கி முடித்தான். "இந்த எடத்துல மட்டும் ஏன் நிக்கிறான்?" என்றார் அந்த அம்மா. எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர். தடுக்கிய இரண்டு சொல்லிலும் 'ற்ற' இருந்தது. அது அன்றைக்கு வரைக்கும் எங்கள் பட்டியலிலேயே இல்லை. அடுத்த நாள் தாளில் அதற்கு ஒரு பத்தி சேர்த்தோம்.

ஜூன் மாத வேலை

ஆண்டு முடிந்ததும் பழைய கோப்பை அழித்துவிட்டு அதன் மேலேயே புதுப் பெயர்களை ஏற்றும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அப்படிச் செய்தால் மூன்றாவது கேள்வி, அதாவது யாருக்கு எது மறந்துபோனது என்பது, போயே போய்விடும். பழையதைப் பூட்டி வைத்துவிட்டு, புதுக் கோப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் போன ஆண்டின் கடைசி நிலையை மட்டும் எமிஸ் எண்ணை வைத்து இழுத்துக்கொள்ளுங்கள். வரிசை எண்ணை நம்பி ஒட்டாதீர்கள். நடுவில் ஒரு பிள்ளை புதிதாகச் சேர்ந்தால் அதற்குக் கீழே எல்லோரும் ஒரு படி நழுவிவிடுவார்கள்.

டி.சி. வாங்கிப் போகும் பிள்ளைக்கு, அதன் வரிசையை மட்டும் ஒரு பக்கமாகப் பிரிண்ட் எடுத்து, 0 இருக்கும் இடங்களைப் பேனாவால் வட்டமிட்டு, உறையில் வைத்துக் கொடுக்கிறோம். போகும் பள்ளியில் இதைக் கேட்க மாட்டார்கள், ஆனால் யாராவது ஒரு டீச்சர் பிரித்துப் பார்ப்பார். போன ஜூனில் ஒரு பையனின் உறைக்கு மேல் நானே எழுதினேன்: "52-இல் 28 கொடுத்துப் பாருங்கள்."